பாதித் தேனடை

நடுவே ஓர் ஆறு ஓடும் காட்டில் இரண்டு கல்லூரிகள் இருந்தன. மேலே, சந்தைக்குப் பக்கத்தில், மேட்டுக் கல்லூரி. கீழே, நாணல் புதருக்குள், கரைக் கல்லூரி. இரண்டிலும் பாடம் ஒன்றுதான். ஆனால் காட்டில் யாரும் பாடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பேச்செல்லாம் கூடைப்பந்தைப் பற்றித்தான்.

மரக்கிளையில் கொடிக்கூடை தொங்கும். தேங்காய் நார் சுற்றிய பந்தை அதற்குள் போட வேண்டும். எறியலாம், உதைக்கலாம், தலையால் முட்டலாம். கடிக்கத்தான் கூடாது.

அங்கே ஒரு வழக்கமும் இருந்தது. கடைக்காரர்கள் நல்ல ஆட்டக்காரரின் கழுத்தில் தங்கள் கடைப் பூவைக் கட்டிவிடுவார்கள். அவர் பந்தைக் கூடையில் போட்டதும், மரத்தின் மேல் இருக்கும் மைனா அந்தக் கடையின் பெயரை உரக்கக் கத்தும். ஆட்டம் பார்க்க வந்த கூட்டம் நேராக அந்தக் கடைக்குப் போகும். பந்தைப் போட்டவருக்குக் கடைக்காரர் தன் சரக்கைக் கை நிறையக் கொடுப்பார்.

மேட்டுக் கல்லூரியில் பூ இல்லாத கழுத்தே கிடையாது. சிறுத்தையின் கழுத்தில் நாரையின் மீன்கடைப் பூ. மயிலின் கழுத்தில் எலியின் தானியக்கடைப் பூ. வயிறு நிறைந்து ஆடுகிறவரும் பசியோடு ஆடுகிறவரும் ஒன்றாக முடியுமா? வருடா வருடம் மேடுதான் வென்றது. கரைக் கல்லூரியில் யாராவது நன்றாக ஆடினால், அடுத்த மழைக்குள் ஆற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

போனவர்கள் போக, கரையில் ஐந்து பேர் மிஞ்சினார்கள். அணித் தலைவி தும்பை என்னும் சருகுமான். பூனை அளவே உள்ள மான் அவள். எதையும் இரண்டு முறை யோசிப்பது அவள் குணம். ஆட்டம் என்றால் முந்தின நாளே அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அவளோடு முள்ளன் என்ற முள்ளம்பன்றி, இரண்டு நீர்நாய்கள், நெடுங்கையன் என்ற குரங்கு.

அவர்களில் நெடுங்கையன்தான் கெட்டிக்காரன். பந்து கையில் கிடைத்தால் யாரையும் பார்க்காமல் தனியே ஓடிப்போய்ப் போடுவான்.

அந்த வருடம் கரை அணி எப்படியோ இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டது. அப்போது நெடுங்கையன் தும்பையைத் தேடி வந்தான்.

"பழக்கடை நரியார் கூப்பிட்டிருக்கிறார். மேட்டுக்கு வந்தால் தினமும் ஒரு குலை வாழைப்பழமாம்."

தும்பை மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஐவரில் ஒருவர் குறைந்தாலும் அணி கலைந்துவிடும். கரையில் அதன்பிறகு கூடைப்பந்தே இருக்காது.

"எப்போது போகிறாய்?" என்று கேட்டாள்.

"போகாதே என்று ஒரு பேச்சுக்காவது சொல்ல மாட்டாயா?"

"எந்த வாயால் சொல்வது? உன் தங்கைகள் மரப்பட்டையை மென்றுகொண்டு இருக்கிறார்கள். நானும் பார்க்கிறேனே."

நெடுங்கையன் தலையைச் சொறிந்தான். "சரி, இறுதி ஆட்டம் முடியட்டும். ஜெயித்தால் இங்கேயே இருக்கிறேன். தோற்றால், என்னைத் தடுக்காதே."

மறுநாள் தேன்கடைக் கரடியம்மா கரைக்கு வந்தாள். கஞ்சத்தனத்துக்குப் பெயர் போனவள். தேன் கேட்டால் காலிச் சட்டியை முகர்ந்து பார்க்கக் கொடுப்பாள் என்று காட்டில் கேலி செய்வார்கள். மேட்டில் எல்லாக் கழுத்திலும் பூ ஏறிவிட்டதால், மலிவாக ஒரு கழுத்தைத் தேடி இறங்கி வந்திருந்தாள்.

"நெடுங்கையா, நீ போடும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு தேனடை. என்ன சொல்கிறாய்?"

அவன் தலையாட்டுவதற்குள் தும்பை நடுவே வந்து நின்றாள்.

"அம்மா, ஒரு சின்ன விஷயம்."

கரடியம்மா குனிந்து தேடினாள். "குரல் கேட்கிறது, ஆளைக் காணோமே! ஓ, நீயா? நீ யாரடி?"

"அணித் தலைவி, அம்மா. பூவை எங்கள் ஐவருக்கும் கட்டுங்கள். பந்தைப் போட்டவருக்குப் பாதித் தேனடை கொடுங்கள். அந்தப் பந்தை அவரிடம் கொடுத்தவருக்கு மீதிப் பாதி. யாரிடமும் வாங்காமல் தானே ஓடிப்போய்ப் போட்டால், நீங்கள் ஒன்றுமே தர வேண்டாம்."

"ஒன்றுமே வேண்டாமா?"

"ஒரு சொட்டுக்கூட வேண்டாம்."

கரடியம்மாவுக்கு வாயெல்லாம் பல். நெடுங்கையன் தனியே ஓடுகிறவன் என்று காட்டுக்கே தெரியும். செலவில்லாமல் கடைப் பெயர் ஒலிக்கப் போகிறது! அவன் வாயைத் திறப்பதற்குள் ஐந்து கழுத்திலும் பூவைக் கட்டிவிட்டு நடையைக் கட்டினாள்.

"அடிப்பாவி!" என்று குதித்தான் நெடுங்கையன். "முழு அடை கிடைக்க இருந்தது. என் வயிற்றில் அடித்துவிட்டாயே!"

"தனியே ஓடி எத்தனை பந்து போடுவாய்?"

"நாலு, ஐந்து."

"அதற்குள் நாக்குத் தள்ளிவிடும். பிறகு மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். நீ கொடுத்து மற்றவர்கள் போட்டால், நின்ற இடத்திலேயே உனக்குப் பாதி வருமே. எண்ணிப் பார்."

"யாரிடம் கொடுப்பது? இந்த முள்ளனிடமா? பந்து அவன் முதுகில் குத்திக்கொள்ளும்!"

"குத்திக்கொண்டால் கீழே விழாது அல்லவா?" என்றான் முள்ளன்.

நீர்நாய்கள் புரண்டு புரண்டு சிரித்தன. நெடுங்கையனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மாலை முதல் முறையாக அவன் பந்தை இன்னொருவரிடம் கொடுத்துப் பார்த்தான். நீட்டிய பிறகும் கை பந்தை விட மறுத்தது. நீர்நாய் வெடுக்கென்று பிடுங்க வேண்டியிருந்தது. போகப் போகப் பழகியது.

இறுதி ஆட்டத்துக்குக் காடே திரண்டது. மொட்டைப் பாறைக்குப் பின்னால் சூரியன் மறைந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். தும்பையின் கால்கள் நடுங்கின. "குளிரா?" என்று கேட்டது ஒரு நீர்நாய். "ஆமாம்" என்றாள் அந்த வெயிலில்.

தொடக்கத்தில் மேடு வெளுத்து வாங்கியது. மீனும் தானியமும் தின்று வளர்ந்த உடம்புகள் அல்லவா! சிறுத்தை பாய்ந்தால் கண்ணால் தொடர முடியவில்லை. "நாரை மீன்கடை! எலி தானியக்கடை!" என்று மைனா மாறி மாறிக் கத்தியது.

"தும்பை, இவர்களை ஓடிப் பிடிக்க முடியாது" என்று மூச்சிரைத்தான் நெடுங்கையன்.

"நாம் ஓட வேண்டாம். பந்து ஓடட்டும்."

பந்து ஓடியது. நீர்நாயிடமிருந்து நீர்நாய்க்கு. அங்கிருந்து தும்பைக்கு. தும்பை உதைத்தது முள்ளன் முதுகில் குத்திக்கொண்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆனால் முள் முதுகில் இருக்கும் பந்தைப் பிடுங்க யார் கை நீட்டுவார்கள்? முள்ளன் ஆடி அசைந்து கூடை வரை நடந்தான். நெடுங்கையன் மேலிருந்து பூப் பறிப்பது போலப் பந்தை எடுத்துக் கூடைக்குள் போட்டான்.

"கரடி தேன்கடை!"

"பாதி எனக்கு!" என்றான் முள்ளன்.

"பாதி எனக்கு!" என்றான் நெடுங்கையன். அதன்பிறகு அவனை யாரும் தூண்ட வேண்டியிருக்கவில்லை. கரைக்காரர்கள் பந்தைக் கேட்கும் முன்பே கொடுத்தார்கள். தேன்கடையின் பெயரைக் கத்திக் கத்தி மைனாவுக்குத் தொண்டை கட்டியது.

மேட்டுக்காரர்கள் முகத்தில் கடுகடுப்பு ஏறியது.

"அண்ணே, இங்கே கொடுங்கள்!" என்று அலறியது மயில். "என் முன்னால் ஒரு ஈ, காக்கை இல்லை!"

"உன்னிடம் கொடுத்தால் எலிக்கடைப் பெயரைத்தானே மைனா கத்தும்? என் மீனுக்கு நான் எங்கே போவது?" என்று உறுமியது சிறுத்தை. மூன்று பேர் சூழ்ந்து நிற்க, தானே எறிந்தது. பந்து கிளையில் பட்டுத் திரும்பியது. அடுத்த முறை மயில் தன் பங்குக்குச் சிறுத்தையின் கையிலிருந்தே பந்தைத் தட்டிப் பறித்தது.

இரு அணியும் சமநிலைக்கு வந்தபோது சூரியன் பாறையைத் தொட்டுவிட்டது. இன்னும் ஒரு பந்துக்குத்தான் நேரம். பந்து நெடுங்கையன் கையில்.

பழக்கடை நரி ஆட்டக்களத்தின் ஓரத்தில் நின்று பூவை ஆட்டியது. "நீயே போடு, தம்பி! இந்தப் பந்தைப் போட்டவன் கழுத்தில்தான் இந்தப் பூ!"

சிறுத்தையும் மயிலும் ஒன்றாக அவன்மேல் பாய்ந்தன. பந்தைப் பறித்துப் போடுபவருக்கே பெயர் என்பதால் மற்ற மேட்டுக்காரர்களும் பின்னாலேயே பாய்ந்தார்கள். கூடைக்கு அடியில் தும்பை மட்டும் நின்றாள். 'என்னிடம் கொடு' என்று கத்த நினைத்தாள். குரல் வரவில்லை. அன்றுவரை ஓர் ஆட்டத்திலும் அவள் பந்தைக் கூடையில் போட்டதில்லை. அது அவனுக்கும் தெரியும்.

நெடுங்கையன் பூவைப் பார்த்தான். கூடையைப் பார்த்தான். பிறகு குனிந்து, சிறுத்தையின் கால்களுக்கு நடுவே பந்தை உருட்டிவிட்டான்.

பந்து தும்பையின் பின்னங்காலில் வந்து நின்றது. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது அவளுக்கு. மூடவில்லை. உதைத்தாள்.

நார்ப்பந்து மேலே எழும்பியது. கூடையின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றியது. உள்ளே விழுந்தது.

"தும்பை! தும்பை!" என்று மைனா தன்னை மறந்து கத்தியது.

"கடைப் பெயரைச் சொல்லடா, பாவி!" என்று கீழேயிருந்து கரடியம்மா அலறினாள். அதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. நீர்நாய்கள் தும்பையைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் குதித்தன. கரைக்காரர்கள் எல்லோரும் பின்னாலேயே குதித்தார்கள்.

அன்று கரைப் பக்கமே கொண்டுவந்து விரித்த தேன்கடையில் நிற்க இடமில்லை. கரடியம்மா பெருமூச்சு விட்டபடி அடைகளைப் பாதி பாதியாக வெட்டிக் கொடுத்தாள். விற்ற சட்டிகளைப் பார்த்ததும் பெருமூச்சு நின்று சிரிப்பு வந்தது. நெடுங்கையன் தன் பங்கைத் தங்கைகளுக்காக இலையில் கட்டிக்கொண்டிருந்தான். அதை அவனால் இரண்டு கையாலும் தூக்க முடியவில்லை.

நரி மெல்ல அருகே வந்தது. "நெடுங்கையா, தினமும் இரண்டு குலை. இப்போதே ஆற்றைத் தாண்டலாமா?"

நெடுங்கையன் கட்டிக்கொண்டே சொன்னான்: "எங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்துப் பேசுவதானால் உட்காருங்கள், நரியாரே. எனக்கு மட்டும் என்றால், ஆழம் பார்த்து இறங்கித் திரும்பிப் போங்கள்."

நரி வாலை ஒரு முறை ஆட்டியது. பிறகு உட்கார்ந்தது.

நீதி: கிடைப்பதைப் பகிர்ந்துகொள்ளும் அணிக்குத்தான் செல்வமும் பலமாகும்.