விட்டுப்போன வட்டம்

சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு நாற்பத்து நான்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் யார் யாரை அம்மா என்கிறார்கள் என்று குழம்பிப்போகும்.

சீடர் தணிகாசலம் மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி போன பிறகு மடமே கதியென்று வந்துவிட்டார். குரு செண்பகம் ஒரு காலத்தில் நூற்பாலையில் வேலை பார்த்தவர். ஊர் அவரைச் சாமியம்மா என்று கூப்பிட்டது. அவர் உபதேசம் ஏதும் செய்ததாகத் தெரியவில்லை. தினமும் பதினோரு மணிக்கு, வருகிறவர்களுக்கெல்லாம் கஞ்சி ஊற்றச் சொன்னார். அவ்வளவுதான்.

மடத்தில் இருந்தது நாலு பேர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்கிறவர் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்கவேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அதைக் கேட்கவும் அகப்பையைக் கீழே வைக்கவேண்டுமே.

நோய் வந்த வருஷம் அது. பேரனுக்குக் காது குத்துவதற்காகத் தணிகாசலம் சென்னை போயிருந்தார். பஸ்ஸெல்லாம் நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் அடித்துப்பிடித்துக் கடைசி பஸ்ஸில் ஏறினார். விழுப்புரம் வரை ஒற்றைக்காலில் நின்றுகொண்டு வந்தார். மறுநாள் காலையிலேயே மடத்து வாசலில் சுண்ணாம்புத் தூளோடு உட்கார்ந்துவிட்டார்.

மூன்றடி தள்ளி நின்றால் போதும் என்று டிவியில் சொன்னார்கள். போர்மேன் விடுவாரா? ஆணி அடித்து, கயிறு கட்டி, ஆறடிக்கு ஒன்றாக முப்பது வட்டம் போட்டார். வாசல்படியில் தொடங்கிப் புளியமரம் வரைக்கும் போனது வரிசை. கம்பம் நட்டதுபோல நேராக இருந்தது. அவருக்கே பெருமையாக இருந்தது.

அன்றைக்கே சுகாதாரத் துறைப் பெண் ஒருத்தி நோட்டோடு வந்தாள்.

"வெளியூர் போயிட்டு வந்தவங்க யாராச்சும் இருக்காங்களா சார்?"

"அதை அவங்களைத்தாம்மா கேக்கணும்" என்று தணிகாசலம் வரிசையைக் காட்டினார். வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை. தன்னைத்தான் கேட்கிறாள் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

ஆறாவது நாள், கஞ்சி ஊற்றி முடிந்த நேரம். அவர் சாமியம்மாவிடம் வந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"அகப்பையை வச்சிட்டுக் கேளுங்கய்யா."

வைத்தார்.

"உயிருக்குப் பயந்துதானே வட்டம் போட்டோம்? அதுவும் அவங்க நல்லதுக்குத்தான். அதுக்குள்ள சும்மா நிக்கிறதுக்கு ஒரு மனுசனுக்கு என்ன கஷ்டம்? ஒருத்தர் முறைக்கிறார், ஒருத்தர் முணுமுணுக்கிறார். ஒரு ஆள் வர்றதையே நிறுத்திட்டாப்ல."

"கஞ்சி மிஞ்சுதா?"

"நாலு நாளா ரெண்டு அகப்பை மிஞ்சுதும்மா. நாய்க்கு ஊத்திடுறேன்."

"யாரோடது?"

"அடைக்கனோடது. அவருக்கு ஒண்ணு, படுத்துக் கிடக்கிற அவர் சம்சாரத்துக்கு ஒண்ணு."

"போய் ஏன் வரலைன்னு கேளுங்க. கையோட கஞ்சியும் கொண்டு போங்க."

தன் கேள்விக்குப் பதில் வரவில்லையே என்று தணிகாசலத்துக்குச் சங்கடமாக இருந்தது. தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு கிளம்பினார்.

அடைக்கன் வீடு வாய்க்காலுக்கு அந்தப்பக்கம். அவருக்கு ஓலை வெட்டுகிற வேலை. ஊரடங்கில் அதுவும் போச்சு. மனைவி செல்லாயி இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாதமாகக் கட்டிலில் கிடந்தாள். வாசலில் ஓலை பின்னிக்கொண்டிருந்த அடைக்கன் இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அங்கேயே நில்லுங்க போர்மேன் சார்."

தணிகாசலம் நின்றார்.

"என்ன அடைக்கன், கஞ்சிக்கு வர்றதில்லையே? நானே கொண்டாந்துட்டேன்."

"வேணாம் சார்."

"உனக்கு வேணாம்னா சரி. உள்ள இருக்கிற ஜீவன் என்ன பண்ணும்?"

அடைக்கன் ஓலையைக் கீழே போட்டார்.

"வீட்டுல இருந்த நொய்யி நேத்தோட தீந்துபோச்சு. வெறும் வயித்துல மாத்திரை போடக் கூடாதுங்கிறாங்க. காலையிலேருந்து மாத்திரை கையிலதான் இருக்கு. இதெல்லாம் தெரிஞ்சுதான் சார் வேணாங்கிறேன்."

"ஏம்ப்பா? நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனா?"

"நீங்க பேசலை. முத நாள் வட்டத்துல நின்னேன். ரெண்டாவது நாளும் நின்னேன். நிக்கிறப்ப பார்த்துக்கிட்டே இருந்தேன். எங்க பக்கம் பூரா வட்டம். படிக்கு அந்தப்பக்கம் ஒண்ணுகூட இல்லை. நீங்க நாலு பேரும் தோளோட தோள் இடிச்சுக்கிட்டு வெங்காயம் உரிக்கிறீங்க, சிரிக்கிறீங்க. எங்க அப்பன் டீக்கடையில தள்ளி நின்னு, கொட்டாங்கச்சியில டீ வாங்கிக் குடிச்சவரு. அவரையும் யாரும் திட்டலை சார். சுத்தம்னுதான் சொன்னாங்க."

"அய்யய்யோ, இது அது இல்லப்பா! இது நோய். யார்கிட்டேருந்து யாருக்கு வரும்னு யாருக்கும் தெரியாது."

"தெரியாதுன்னா எங்களுக்கு மட்டும் ஏன் சார் வட்டம்?"

தணிகாசலம் தூக்குவாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

உள்ளேயிருந்து செல்லாயி குரல் கொடுத்தாள்.

"யாரு, போர்மேன் சாரா? மெட்ராசுலேருந்து எப்ப வந்தீங்க? பஸ்ஸுல கூட்டமாமே! பேரப்புள்ளைக்குக் காது குத்துனீங்களே, ரொம்ப அழுதானா?"

அவள் அன்பாகத்தான் கேட்டாள். அழுதான் என்று சொல்ல நினைத்தவர் பஸ் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார். விழுப்புரம் வரை நெரிசலில் அவர் தோளில் தலைசாய்த்து, நின்றபடியே தூங்கித் தூங்கி இருமிக்கொண்டு வந்த ஆள் ஞாபகத்துக்கு வந்தான். அந்தத் தோள்தான் ஆறு நாளாக அண்டாவுக்கு மேலே குனிந்துகொண்டிருந்தது.

கையிலிருந்த தூக்குவாளியைப் பார்த்தார். உள்ளே ஒருத்தி பசியோடு கிடக்கிறாள். கையில் கஞ்சி இருக்கிறது. கொடுக்கவும் பயமாக இருந்தது, கொடுக்காமல் போகவும் மனசு வரவில்லை.

"நல்லா அழுதான்மா" என்றார் கடைசியில். அப்படியே திரும்பி நடந்தார். அடைக்கன் கூப்பிடவில்லை.

மடத்துக்கு வந்தபோது மணி இரண்டு. உச்சிவெயிலில் வாசல்படி கொதித்தது. அவர் படி ஏறாமல் வெளியே நின்றார்.

"கொடுக்கலியா?" என்றார் சாமியம்மா.

"இல்லம்மா."

"வாங்கலியா?"

"அவர் வாங்கலை. அப்புறம் நானும் கொடுக்கலை."

நடந்ததைச் சொன்னார். பஸ்ஸைச் சொன்னார், இருமியவனைச் சொன்னார், நோட்டோடு வந்த பெண்ணிடம் வரிசையைக் காட்டியதையும் சொன்னார். அதைச் சொல்லும்போதுதான் அவருக்கு அதிகம் வெட்கமாக இருந்தது.

"முப்பது வட்டம் போட்டேம்மா. ஒண்ணு விட்டுப்போச்சு."

சாமியம்மா நோட்டுக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். பிறகு முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தார். தணிகாசலம் ஆறடிக்குக் குறையாமல் பின்னாலேயே போனார்.

அடைக்கன் வீட்டுக்கு ரொம்பத் தள்ளியே சாமியம்மா நின்றுகொண்டார்.

"அடைக்கண்ணே!"

அடைக்கன் வெளியே வந்தார். "தாயி, நீங்க எதுக்கு வெயில்ல..."

"கிட்ட வராதீங்க. எங்க மடத்து ஆள் மெட்ராஸ் பஸ்ஸுல வந்திருக்கார். ஆறு நாளா அவர்தான் அகப்பை பிடிச்சார். நாங்க நாலு பேரும் ஒண்ணாத்தான் இருந்தோம். எங்ககிட்ட நோய் இருக்கோ இல்லையோ, தெரியாது. இனிமே தள்ளி நிக்க வேண்டியது நாங்க."

நாலு வீட்டு ஆட்கள் வெளியே வந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

"மடத்துல பிரிக்காத அரிசி மூட்டை ரெண்டு இருக்கு" என்றார் சாமியம்மா. "அந்த அறைக்கு வெளிப்பக்கம் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்து வச்சிட்டு வந்திருக்கேன். ஆனா காய்ச்ச ஆள் வேணும். வரிசையில வந்தவங்க எல்லாரும் இவர் கையால வாங்கிக் குடிச்சவங்க. நாலு நாளா எங்க பக்கமே வராத ஆள் நீங்க ஒருத்தர்தான்."

அடைக்கன் தணிகாசலத்தைப் பார்த்தார். அப்புறம் சாமியம்மாவைப் பார்த்தார்.

"நான் காய்ச்சினா எல்லாரும் குடிப்பாங்களா தாயி?"

"குடிக்கிறவங்க குடிக்கட்டும். நாங்க நாலு பேர் குடிப்போம்."

அடைக்கன் கீழே கிடந்த ஓலையை எடுத்து ஓரமாக வைத்தார்.

"முப்பது பேருக்குன்னா உப்பு எம்புட்டுப் போடணும்?" என்றார் அடைக்கன்.

அன்று மூன்று மணிக்கே அவர் வந்து மூட்டையைப் பிரித்து, செல்லாயிக்கு வேண்டிய அரிசியைத் துண்டில் முடிந்துகொண்டு போனார். நாலு மணிக்குள் அவள் சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொண்டாள் என்று வாய்க்கால் பக்கத்து ஆள் ஒருவர் தூரத்திலிருந்தே சத்தம் போட்டுச் சொன்னார். தணிகாசலத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மறுநாள் காலை புளியமரத்தடியில் கல் கூட்டி அடுப்பு எரிந்தது. அடைக்கன் ஊரிலிருந்து யார் வீட்டு அண்டாவையோ வாங்கி வந்திருந்தார். வரிசை இப்போது மரத்தடியில் தொடங்கி மடத்து வாசலில் முடிந்தது. நேற்று கடைசியாக இருந்த வட்டம் இன்று முதல் வட்டம். விஷயம் கேள்விப்பட்டு ஏழெட்டுப் பேர் வரவில்லை. வந்தவர்களில் இரண்டு பேர் அடுப்படியில் நிற்பது யாரென்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

மடத்து ஆட்கள் நாலு பேரும் கடைசியில் நின்றார்கள். படிக்கு உள்பக்கம்தான் வட்டமே இல்லையே; சாமியம்மாவே சுண்ணாம்புத் தூளை எடுத்துக் கையாலேயே நாலு வட்டம் போட்டிருந்தார். போர்மேன் போட்டதுபோல இல்லை, கோணல்மாணலாக இருந்தது. எல்லாவற்றுக்கும் கடைசி வட்டத்தில் தணிகாசலம் நின்றார்.

வெயில் ஏறியது. மரத்தடியில் அடைக்கனுக்கு உதவியாக வந்தவர்கள் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்கள். என்னவோ பேசிச் சிரித்தார்கள். தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்களோ என்று தணிகாசலத்துக்குத் தோன்றியது. அப்படி இருக்காது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தோன்றியது. துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கப் போனவர் தன்னையறியாமல் ஒரு கால் முன்னே வைத்தார்.

"போர்மேன் சார்" என்று அங்கிருந்தே கூப்பிட்டார் அடைக்கன். குரலில் கோபமில்லை. "கோட்டைத் தாண்டாதீங்க."

வரிசையில் எல்லாத் தலைகளும் திரும்பின. தணிகாசலம் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். காது வரை சூடாகிவிட்டது.

முன் வட்டத்தில் நின்றிருந்த சாமியம்மா திரும்பிப் பார்த்தார்.

"அய்யா, நேத்து ஏதோ கேட்டீங்களே. இதுக்குள்ள சும்மா நிக்கிறதுக்கு ஒரு மனுசனுக்கு என்ன கஷ்டம்னு."

"ஆமாம்மா."

"இப்பதான் கையில அகப்பை இல்லையே. கேளுங்க."

தணிகாசலம் கேட்கவில்லை. வரிசை ஒரு வட்டம் நகர்ந்தது. காலி தூக்குவாளியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவரும் ஒரு வட்டம் நகர்ந்தார்.