எட்டு வாட்டும் ஏரிக்குப் போன மந்திரியும்

மாந்துறை சமஸ்தானத்து ராஜா வீரகேசவருக்கு மாமனார் சீராகக் கொடுத்தது ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர். பார்க்க அழகு. பலம் எட்டே வாட். அதை மாற்றுகிற பேச்சை எடுக்க முடியாது, ராணி காதில் விழுந்துவிடும்.

ஒருநாள் சபையில் ராஜா சொன்னார்: "இதற்கு ஒரு ஸ்பீக்கர் வேண்டும். தவில் அடித்தால் நெஞ்சு அதிர வேண்டும். கூடம் முழுக்கக் கேட்க வேண்டும். ஆனால் கூடத்தில் வெற்றிலைப் பெட்டியைவிடப் பெரிய பெட்டி நிற்கக்கூடாது. ராணியின் உத்தரவு."

ஆஸ்தான விகடகவி அனந்தப்பர் ரேடியோ ரிப்பேரும் தெரிந்தவர். "மூன்றும் சேர்ந்து கிடைக்காது, மகாராஜா. சின்னப் பெட்டியில் தவில் அதிர நூறு வாட் வேண்டும். எட்டு வாட்டே போதுமென்றால் பெட்டி நெல்குதிர் அளவு இருக்கும். ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்."

மந்திரி தாண்டவராயர் பருத்த மனிதர். அனந்தப்பரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "அரசர் எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்?" என்றார். "இந்த விகடகவி கேட்பதையெல்லாம் கொடுத்துவிடுவோம், சாக்குச் சொல்ல வழியிருக்காது. வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போகட்டும்."

அப்படியே உத்தரவானது. மந்திரியே அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நிம்மதியாக ஏரிகளைப் பார்வையிடப் புறப்பட்டார். அனந்தப்பர் அளவுகோலோடு கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஐந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போவார், பாவம்.

வெள்ளிக்கிழமை வந்தது. கூடத்தில் பெட்டியே இல்லை. சுவரில் ஒரு பட்டுத் துணி தொங்கியது. அனந்தப்பர் இசைத்தட்டைச் சுழலவிட்டார். அதே எட்டு வாட்தான். தவில் ராஜாவின் நெஞ்சைப் பிடித்து உலுக்கியது. ராணிகூடத் தலையை ஆட்டினாள்.

"பெட்டி எங்கே?" என்றார் ராஜா.

"சுவரில் ஓட்டை போட்டு, முறம் அளவு ஸ்பீக்கரைப் பதித்திருக்கிறேன், மகாராஜா. அதன் முதுகுப்பக்கம் இருக்கும் அறைதான் பெட்டி. கேட்டதையெல்லாம் கொடுக்கச் சொல்லி உத்தரவு இருந்ததே, அந்த அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்."

ராஜா போய் அந்த அறைக் கதவைத் திறந்தார். அது மந்திரியின் அறை. காலையில்தான் திரும்பிய மந்திரி இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் மைக்கூடு தானாக நகர்ந்துகொண்டிருந்தது.

"மகாராஜா, என்ன காரியம் செய்திருக்கிறான் பாருங்கள்" என்று எழப் போனார்.

"எழுந்திருக்காதீர்கள்" என்றார் அனந்தப்பர். ராஜாவிடம் திரும்பினார். "பெட்டிக்குள் எதிரொலிக்காமல் இருக்க மெத்தென்று ஏதாவது அடைப்பது வழக்கம், மகாராஜா. பஞ்சு வாங்கலாமா என்று பார்த்தேன். மந்திரி இருக்கிறாரே என்று விட்டுவிட்டேன்."

ராஜா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தவிலைக் கேட்டார்.

"அனந்தப்பர் ஊரிலேயே இருக்கட்டும்" என்றார். "தாண்டவராயரே, நீர் அந்த மூலைக்குச் சற்று நகர்ந்து உட்காரும்."

கதவை ராஜாவே சாத்தினார்.