ஒரு நாள் மட்டும் தங்க வந்த பிசுக்கு

தூத்துக்குடியில் தவசீலி வீட்டு அடுக்களையில் ஒரு வடைச்சட்டி இருந்தது. கனத்த அலுமினியச் சட்டி. மீன் பொரிக்கவோ, அப்பளம் பொரிக்கவோ, விருந்தாள் வந்தால் வடை சுடவோ அதுதான் முதலில் அடுப்பேறும். உழைப்புக்கு அஞ்சாத சட்டி. புகழ்ச்சிக்கு மட்டும் கொஞ்சம் மயங்கும்.

ஒருநாள் வீட்டில் விருந்து. வேலை முடிந்த அலுப்பில் தவசீலி சட்டியை ஒப்புக்குக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். விளிம்போரம் ஒரு சொட்டு எண்ணெய் ஒட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இங்கன உக்காந்துக்கிடுதேன். நாளைக்குப் போயிருவேன்” என்றது அது.

“அதுக்கென்ன, இரு” என்றது சட்டி.

அது போகவில்லை. மறுநாள் தம்பியைக் கூட்டி வந்தது. அடுத்த வாரம் மாமன் மச்சான் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். தீயில் காய்ந்து காய்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, சில வருஷத்தில் அடியிலிருந்து விளிம்புவரை கறுத்த பிசுக்காகக் கெட்டிப்பட்டுவிட்டது.

“நீ யாரு? நான் எதுக்கு இவ்வளவு பாரத்தைச் சுமக்கணும்?” என்று சட்டி ஒருநாள் கேட்டே விட்டது.

பிசுக்கு அசரவில்லை. “என்னக்கா இப்படிக் கேட்டுட்ட? நான்தான் உன் அனுபவம். நேத்து வந்த குக்கர் பளபளன்னுதான் இருக்கு, அதுக்கு என்ன தெரியும்? நான் இருக்கப் போய்த்தான் உன்னை நாலு பேரு மதிக்காங்க.”

சட்டிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து குக்கரிடம் பேசும்போதெல்லாம் தன் கறுத்த விளிம்பைக் காட்டியே பேசியது. குக்கர் பாவம், விசிலடித்ததே தவிர எதிர்த்துப் பேசவில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. ஒவ்வொரு வருஷமும் முதல் முந்திரிக்கொத்து அந்தச் சட்டியில்தான் வேகும். வருஷம் முழுக்கச் சட்டி காத்திருப்பது அந்த ஒரு நாளுக்குத்தான். தவசீலி பாசிப்பயறு உருண்டைகளை மாவில் முக்கி எண்ணெயில் போட்டாள். எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றின்மேலும் கறுப்புக் கறுப்பாகச் செதில் ஒட்டியிருந்தது.

“சே! முதல் ஈடே வீணாப் போச்சு. நாளைக்கு மொத வேலையா இந்தச் சனியனைக் கடையில பழசுக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிட்டு வந்துருதேன்” என்று அவள் கரண்டியை வீசினாள்.

பண்டிகைக்கு வந்திருந்த நாத்தனார் பிளாரன்ஸ் பக்கத்தில் நின்றாள். ஊரில் ஒரு விடுதியில் சமையல் வேலை அவளுக்கு. “நாளைக்குத்தான போறீங்க மைனி. அதுக்குள்ள நான் தேய்ச்சுப் பாக்கேன்” என்றாள்.

“கேட்டியா? என்னை உருக்கிருவாங்க” என்று சட்டி பிசுக்கிடம் அழுதது.

“அதுக்கென்ன, அங்கயும் உன்கூடத்தான வருவேன்” என்று பிசுக்கு இன்னும் நெருங்கி ஒட்டிக்கொண்டது. அன்றுதான் சட்டிக்கு அதன்மேல் முதல்முறையாக வெறுப்பு வந்தது.

“தள்ளுங்க, அஞ்சே நிமிஷம்!” என்று கம்பிநார் துள்ளி வந்தது. பிளாரன்ஸ் மூச்சைப் பிடித்துத் தேய்த்தாள். கம்பிநாரின் இழைகள்தான் பிய்ந்து விழுந்தன. “ஐயோ, என் தோலு!” என்று சட்டி அலறியது. “பாத்தியா? என்னை உரிச்சா நீயும் கிழிஞ்சு போவ” என்றது பிசுக்கு. சோப்பு நுரைத்துப் பார்த்துவிட்டு வழுக்கிக்கொண்டு போய்விட்டது. விரல் சிவந்த பிளாரன்ஸ், மத்தியானச் சோற்றை வடிக்கப் போனாள்.

சோற்றுப் பானைக்குள்ளிருந்து கஞ்சி கேட்டது: “என்னைய ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

“நீயா? தினமும் சாக்கடைக்குப் போற ஆளு!” என்றது சட்டி.

“உன் பக்கத்தாலதான் போறேன். நீ கூப்பிட்டதே இல்லையே.” கஞ்சி கோபித்துக்கொள்ளவில்லை. “நான் சுரண்ட மாட்டேன். சூடா உன் மடியில உக்காந்திருப்பேன், அவ்வளவுதான். ஆனா அந்தப் பிசுக்குப் பயலை நீ பிடிச்சுக்கிட்டு இருக்கிற வரைக்கும் என்னால ஒண்ணும் ஆகாது.”

“நானா? அவன்தான என்னைப் பிடிச்சிருக்கான்!”

“கம்பிநார் தேய்ச்சது அவனை. நீ ஏன் அலறின?”

சட்டிக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிசுக்கு இல்லாவிட்டால் குக்கர் தன்னை மதிக்காது என்ற பயத்தில் அலறிய அலறல் அது. மெல்லச் சொன்னது: “அவன் போனா நான் யாருன்னு எனக்கே தெரியலை. இருந்தாலும் போகட்டும்.”

சரித்த பானையோடு பிளாரன்ஸ் சட்டென்று நின்றாள். “மைனி, தலையில தேய்ச்ச எண்ணெயை எதை வச்சு எடுக்கோம்?”

“சீயக்காயும் கஞ்சியும். ஏன்?”

“இன்னிக்கு உங்க சட்டிக்கும் எண்ணெய்க் குளியல்தான்!”

“சட்டிக்குத் தலைக்கு ஊத்துறவ ஊரிலேயே நீ ஒருத்திதாம்ட்டி” என்று தவசீலி கோபத்தை மறந்து சிரித்தாள்.

கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி இறங்கியது. இரண்டு கை சீயக்காய்த் தூள் விழுந்தது. அடுப்பு சிறு தீயில் எரிந்தது. “சோத்துத் தண்ணியா என்னை எடுக்கப் போகுது?” என்று பிசுக்கு கேலி பேசியது. கால்மணி நேரத்தில் அதன் குரல் கம்மியது. “அக்கா, சுடுது.” கஞ்சி அவசரப்படாமல் அதன் அடிவரை ஊறியது. “அக்கா! ஒரு நாள் மட்டும் விடு! நாளைக்குப் போயிருதேன்!”

“இதையேதான் அன்னிக்கும் சொன்ன” என்றது சட்டி. பிடியை விட்டுவிட்டது.

ஆறவைத்து மறுபடி தேய்த்தபோது பிசுக்கு பட்டை பட்டையாக உரிந்து வந்தது. “பாத்தீங்களா, நான்தான்!” என்று கம்பிநார் மார்தட்டியது. கறுத்துப்போன கஞ்சி சிரித்துக்கொண்டே சாக்கடைப் பக்கம் போனது. “கஞ்சியக்கா, நாளைக்கும் வந்துட்டுப் போங்க!” என்று சட்டி அடுக்களையே கேட்கக் கத்தியது. குக்கர் நீளமாக ஒரு விசில் அடித்தது.

கனமாக இருக்கும் என்று இரண்டு கையாலும் தூக்கப்போன தவசீலிக்குச் சட்டி ஒரு கையிலேயே வந்துவிட்டது. “ஏட்டி, இது நம்ம சட்டிதானா?” என்று தன் முகத்தை அதில் பார்த்துக்கொண்டாள். அப்போதே அடுப்பேற்றிப் புது எண்ணெய் ஊற்றினாள். எண்ணெய் எப்போது காயும், உருண்டை எப்போது சிவக்கும் என்பதெல்லாம் சட்டிக்கு ஒன்றும் மறந்துபோகவில்லை. முந்திரிக்கொத்து பொன்னிறமாக மிதந்து வந்தது. முதல் உருண்டை பிளாரன்ஸின் வாய்க்குப் போனது. கடைக்குப் போகும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. சட்டிக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

சாயங்காலம் கடைசி ஈடும் எடுத்தாகிவிட்டது. விளிம்போரம் ஒரு சொட்டு எண்ணெய் தயங்கி நின்றது.

“அக்கா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இங்கன உக்காந்துக்கிடவா?”

“தாராளமா உக்காரு” என்றது சட்டி. “வெந்நீர் கொதிச்சாச்சு, இப்ப வந்துரும்.”