பூளையும் முகக்கயிறும்

மலைக்காட்டின் ஓரத்தில் ஒரு சின்னப் பண்ணை. அங்கே நான்கு அல்பாகாக் குட்டிகள் இருந்தன. அல்பாகா என்பது ஒட்டகத்துக்குத் தூரத்துச் சொந்தம். நீளக் கழுத்து, உடம்பெல்லாம் கம்பளி. பண்ணைக்காரர் காலையில் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குப் போய்விடுவார். குட்டிகளைக் கயிற்றில் நடக்கப் பழக்குவது செவலைக் காளையாரின் பொறுப்பு.

செவலையாருக்கு அந்த வேலையில் ஏகப்பட்ட பெருமை. "மூக்குதான் எல்லாமே! என்னையே பாருங்க. மூக்கணாங்கயிறு போட்ட அன்னைக்குத்தான் எனக்குப் புத்தி வந்துச்சு!" என்பார். ஒவ்வொரு குட்டியின் முகக்கயிற்றையும் பல்லால் கடித்து மூக்கு நுனிக்கு இழுத்து இறக்குவார்.

குட்டிகளின் தலை தொங்கிவிடும். "ஆகா, என்ன பணிவு!" என்று பூரித்துப் போவார்.

பூளை என்ற வெள்ளைக் குட்டிக்குப் பணிவு வரவில்லை, மூச்சுதான் முட்டியது. அல்பாகாவின் மூக்கு நுனியில் எலும்பு கிடையாது. கயிறு அங்கே இறுகினால் மூக்குத்துளை அடைத்துக்கொள்ளும். அவள் தலையை உதறிக் கயிற்றைக் கழற்றி எறிந்தாள். நான்கு கால்களையும் மடக்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி புள்ள!"

"மாட்டேன் மாமா! மூச்சு முட்டுது!"

"பழகினா சரியாயிடும்! எனக்கு மூக்கையே குத்தினாங்க. நான் செத்தா போயிட்டேன்?"

"மூக்கை அடைச்சா நீங்க வாயால மூச்சு விடுவீங்க. எங்களுக்கு அது வராது!"

"எதிர்த்தா பேசுற? என்ன திமிரு! கயிறு போட்டுக்கிற வரைக்கும் உனக்குப் புல்லு கிடையாது!"

அன்று முழுக்கப் பூளை பட்டினி. சித்தி மகன் சாந்து என்ற குட்டி மெல்ல அருகில் வந்தான். "அக்கா, எதுக்கு வம்பு? தலையைத் தொங்கப் போட்டா மாமா விட்டுடுறாரு" என்றான். பேசும்போதே அவன் மூக்கில் விசில் மாதிரி சத்தம் வந்தது. மறுநாள் குட்டிகள் எல்லாம் மேட்டுக் கொட்டகைக்கு ஏற வேண்டும்.

விடிந்ததும் அவள் வாசல் படலுக்குக் குறுக்கே உட்கார்ந்தாள்.

"இந்தக் கயிறோட மேடு ஏறினா சாந்து செத்துடுவான்! நான் வழி விட மாட்டேன்!"

"முட்டிடுவேன்!"

"முட்டுங்க!"

அவள் கால்களை இன்னும் இறுக்கி மடக்கிக்கொண்டாள்.

செவலையார் முட்டவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்த இடைவெளி வழியாக மற்ற மூவரையும் மேட்டில் இழுத்துப் போனார். இருபது அடி போவதற்குள் சாந்துவின் முழங்கால் மடங்கியது. கண் செருகியது.

பூளை பாய்ந்து ஓடினாள்.

"தொடாதே! அவன் நடிக்கிறான்!" என்று செவலையார் மறித்தார்.

வயிற்றில் மிச்சமிருந்த பச்சைச் சாற்றை எல்லாம் திரட்டி, அவர் முகத்திலேயே துப்பினாள் பூளை! அவர் கண்ணை மூடிக்கொண்டு விலகினார். அவள் சாந்துவின் கயிற்றைப் பல்லால் பிடித்து, கண்ணுக்குக் கீழே எலும்பு இருக்கும் இடம் வரை ஏற்றினாள்.

சாந்து ஒரு நீண்ட மூச்சு விட்டான். இன்னொரு மூச்சு விட்டான். பிறகு தானே எழுந்து நின்றான்.

அதைப் பார்த்த மற்ற இரண்டு குட்டிகளும் பட்டென்று மண்ணில் உட்கார்ந்தன. "எங்களுக்கும் மேலே ஏத்துங்க! இல்லேன்னா எந்திரிக்க மாட்டோம்!"

"அப்போ பணிவு?" என்றார் செவலையார்.

"உங்களுக்குப் பணிவு வேணுமா, நாங்க மேடு ஏறணுமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க மாமா!" என்றாள் பூளை.

செவலையார் சாந்துவைப் பார்த்தார். குனிந்து, இரண்டு கயிற்றையும் தன் பல்லாலேயே மேலே ஏற்றினார். பூளை தன் கயிற்றையும் எடுத்து வந்து நீட்டினாள்.

"உனக்குமா?" என்றார் அவர் வியப்போடு.

"கயிறு வேண்டாம்னு நான் எப்போ சொன்னேன்? மூச்சு வேணும்னுதான் சொன்னேன்!"

முகக்கயிற்றை மேலே போட்டுக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி, எல்லோருக்கும் முன்னால் மேடு ஏறினாள் பூளை.

மறுப்பவரைத் திமிர் பிடித்தவர் என்று திட்டும் முன், நாம் போட்ட கயிறு அவரை எங்கே இறுக்குகிறது என்று பார்க்க வேண்டும்.