நொச்சிக் கருவைக் காத்த மூவர்

நொச்சி என்னும் கணினி மொழியை எவரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தலாம். எவரும் திருத்தவும் செய்யலாம். இரண்டாவது சலுகையை வழங்குமுன் சற்று யோசித்திருக்கலாம்.

அம்மொழியை இயக்கும் நடுப்பகுதிக்குக் கரு என்று பெயர். அதைப் பராமரிக்கும் குழு கோயம்புத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. தலைவி அங்கயற்கண்ணி கெட்டிக்காரர். அவருக்குக் கண்புரை அறுவை நடக்கவிருந்தது. சில வாரங்கள் கணினித் திரையைப் பார்க்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே கருவைத் திருமேனி, உலகநாதன், மருதப்பன் என்ற மூவரிடம் ஒப்படைத்தார். மூவரும் பட்டதாரிகள். மூவருக்கும் கண் நன்றாகத் தெரியும். இல்லாதது வேறு.

"நான் வர்றதுக்குள்ள நிலுவை வேலையெல்லாம் முடிச்சு வைங்க," என்றார் அங்கயற்கண்ணி. "ஒருத்தர் திருத்தினா மத்த ரெண்டு பேரும் பார்த்துச் சம்மதிக்கணும். எந்தக் குறைன்னாலும் அதுக்கு ஒரு சோதனை எழுதுங்க. குறை இருக்குன்னு காட்டச் சோதனை முதல்ல தோக்கணும், திருத்தின பிறகு ஜெயிக்கணும். இல்லேன்னா அந்தத் திருத்தத்தை ஏத்துக்காதீங்க."

நல்ல விதிகள்தாம். அவற்றைக் கேட்ட காதுகளைப் பற்றித்தான் இந்தக் கதை.

நிலுவையில் தலையாயது ஒன்று உண்டு. பூஜ்ஜியத்தால் வகுக்க நேர்ந்தால் நொச்சி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். காங்கேயத்துக்கு அருகே ஒரு பால் சங்கத்தின் தராசு நொச்சியில்தான் ஓடியது. மாடு வற்றிப் பால் கணக்கு பூஜ்ஜியமான உறுப்பினர் பெயர் வந்ததும் தராசு நின்றுவிடும். அதை மறுபடி கிளப்புவதற்குள் பால் வண்டி புறப்பட்டுப் போய்விடும், பால் திரிந்துவிடும். சங்கத்தின் செயலாளர் பொன்னாத்தா காலைதோறும் தொலைபேசியில் அழைப்பார்.

"ஏனுங்க, இன்னைக்கும் நின்னுபோச்சுங்க! இத்தனை பாலையும் நான் எங்கீங்க கொண்டுபோய்க் கொட்டறது?"

"உங்க குறை எங்க நிலுவையில பத்திரமா இருக்குதுங்கம்மா," என்பார் திருமேனி. அதை ஆறுதல் என்றே அவர் நம்பினார்.

ஒருவாறாக மூவரும் கருவைத் திறந்தார்கள். குறை இருந்த இடத்தில் யாரோ பழைய ஆள் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: 'இது தற்காலிக ஏற்பாடு. பின்னர் சரிசெய்க.'

"பின்னர்னு எழுதியிருக்கு," என்றார் உலகநாதன். "இப்பச் செஞ்சா அவர் பேச்சை மீறின மாதிரி ஆயிடாதா?"

"எழுதி வருஷக்கணக்காச்சே," என்றார் மருதப்பன்.

"ஆனா இன்னைக்கும் பின்னர்னுதானே இருக்கு? மாறவே இல்லை பாருங்க."

மறுக்க முடியாத வாதம். வாழைக்காய் பஜ்ஜி வரவழைத்துத் தின்றபடியே சிந்தித்தார்கள். திருமேனிக்குத்தான் வழி தோன்றியது. "குறிப்பு இருக்கிறதுனாலதானே அது நிலுவை? குறிப்பை எடுத்துட்டா?"

மற்ற இருவரும் அவரை வணங்காத குறை.

குறிப்பை அழிக்க மருதப்பன் அமர்ந்தார். பஜ்ஜி எண்ணெயில் விரல் வழுக்கி விசை இருமுறை அழுந்தியது. குறிப்போடு அடுத்த வரியும் மறைந்தது. இயக்கத்தை நிறுத்துமாறு கட்டளையிட்ட வரியே அதுதான். விதிப்படி மற்ற இருவரும் பார்க்க வேண்டுமல்லவா? மருதப்பனை நன்றாகப் பார்த்தார்கள். சம்மதித்தார்கள். அன்றிரவே புதிய கரு பால் சங்கத்தின் கணினிக்குத் தானாகப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை பொன்னாத்தாவின் குரலில் சிரிப்பு இருந்தது. "நீங்க நல்லா இருக்கோணும் சாமி! மாடு வத்துனவங்க பேரு வந்துச்சு, தராசு கம்முனு தாண்டிப் போயிருச்சுங்க. ஒரு சொட்டு வீணாகலீங்க!"

திருமேனிக்கு முகம் வெளுத்தது. "கொஞ்சம் லைன்லயே இருங்கம்மா," என்று தொலைபேசியைக் கையால் பொத்தினார்.

"குறை சரியாயிடுச்சாம்."

"யாரு சரிபண்ணினது?" என்று அதட்டினார் உலகநாதன்.

"சத்தியமா நான் இல்லைங்க," என்றார் மருதப்பன்.

"சோதனை எழுதினோமா?"

எழுதவில்லை. உடனே எழுதினார்கள். முதல் ஓட்டத்திலேயே சோதனை ஜெயித்தது.

"முதல்ல தோக்கணும்னு மேடம் சொன்னாங்களே!"

மறுபடி ஓட்டினார்கள். ஜெயித்தது. கணினியை அணைத்துப் போட்டும் ஜெயித்தது.

"வெக்கங்கெட்டது, ஜெயிச்சுக்கிட்டே இருக்கு," என்றார் மருதப்பன். பழைய கருவோடு ஒப்பிட்டபோதுதான் ஒரு வரி காணாமற்போயிருப்பது தெரிந்தது.

"தோக்காம ஜெயிச்ச திருத்தத்தை ஏத்துக்கக் கூடாது," என்று தீர்ப்பளித்தார் உலகநாதன். "பழைய வரியைத் திரும்பப் போடுங்க."

போட்டார்கள். ஒன்றும் விடுபட்டுவிடக் கூடாது என்று பழைய குறிப்பையும் எழுத்துப் பிசகாமல் மீட்டு வைத்தார்கள். இருவர் பார்த்தார்கள், சம்மதித்தார்கள். அக்குழு இத்தனை விரைவாக எந்த வேலையையும் அதற்குமுன் செய்ததில்லை. சோதனையை ஓட்டினார்கள். தோற்றது. மூவரும் கைதட்டினார்கள்.

"இனித் திருத்தினா முறைப்படி ஜெயிச்சிடும்!" என்று மருதப்பன் அந்த வரியை அழிக்க விசைப்பலகையை நோக்கிப் பாய்ந்தார்.

உலகநாதன் அவர் கையை எட்டிப் பிடித்தார். "அவசரப்படாதீங்க. குறிப்பைப் படிங்க. பின்னர்னு போட்டிருக்கு."

"ஏனுங்க, இருக்கறீங்களா?" என்று தொலைபேசியில் பொன்னாத்தா கேட்டுக்கொண்டிருந்தார்.

திருமேனி கையை எடுத்தார். "மன்னிச்சுக்கோங்கம்மா, எங்க பக்கம் ஒரு தப்பு நடந்துபோச்சு. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. நாளைக்குக் காலையில உங்க தராசு பழையபடி நின்னுடும்."