கண்ணாடிக்குள் தண்ணீர்

குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபத்தெட்டு. தீவில் ஒரு சின்னக் கோயிலும் ஓலைக் கொட்டகையும் தவிர வேறு எதுவும் இல்லை.

சீடரின் பெயர் கொம்பையா. ஆயுள் முழுக்க விசைப்படகில் மீன் பிடித்தவர். மனைவி போனபின் வீட்டில் பேச ஆள் இல்லை. ஊரில் ஆட்கள் இருந்தார்கள். அவர்களோடு அவர் பேசுவதில்லை. ஒரு நாள் பாயைச் சுருட்டிக்கொண்டு தீவில் வந்து இறங்கினார்.

"சாமி, ஒரு கேள்வி."

"கேளுங்க, அண்ணாச்சி."

"செத்துப்போனவன் மேல இருக்கிற கோவத்தை எங்க கொண்டுபோய் இறக்கணும்?"

"செத்தது யாரு?"

"தளவாய்."

"உங்களுக்கு என்ன உறவு?"

"கூடப் பிறந்தவன். மூத்தவன்."

"என்ன செஞ்சார்?"

கொம்பையா இந்தக் கேள்விக்காகவே படகேறி வந்தவர்போல் உட்கார்ந்தார்.

"அப்பா செத்தப்ப நான் கடல்ல கிடந்தேன். ஒரு ராத்திரி பொறுத்திருந்தா விடியக் கரைக்கு வந்திருப்பேன். பொறுக்கல. கொள்ளி வச்சுட்டான். நான் வாரப்ப சாம்பல் சூடு ஆறல. அப்பா முகத்தை நான் பாக்கல, சாமி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவன் செத்தான். பிள்ளை கிடையாது. நான்தான் கொள்ளி வைக்கணும். ஊரே வாசல்ல வந்து நின்னுது. போகலையே! பங்காளி அத்தனை பேரும் மீசை எடுத்தானுவ. நான் எடுக்கல. இந்தா இருக்கு பாருங்க."

அவர் மீசையை நீவிவிட்டார். நரைத்த மீசைதான். ஆனாலும் நுனி இரண்டும் கன்னத்தில் ஏறி நின்றன.

குரு கொட்டகைக்குள் போய், தீவுக்கு வந்துபோனவர்கள் மறந்துவிட்ட சாமான்களிலிருந்து இரண்டை எடுத்து வந்தார். ஒன்று, கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற, ரப்பர் விளிம்பு வைத்த கண்ணாடி. மற்றது, வாயில் கவ்விக்கொள்ளும் மூச்சுக்குழாய்.

"உங்க அண்ணன் சாம்பல் கலயத்தை அவர் மச்சினன் இங்க கடல்லதான் கொண்டாந்து இறக்கினார். உடையாமக் கிடக்கு. படகு வேண்டாம், கரையிலேருந்து நடந்தே போயிரலாம். மார்பளவு தண்ணி முடியிற இடம்."

கொம்பையா கண்ணுக்குமேல் கைவைத்துக் கடலைப் பார்த்தார்.

"அங்க என்ன இருக்கு?"

"பார்."

கொம்பையாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்க அப்பன் வயசு எனக்கு. 'பாருங்க'ன்னு சொல்ல வாய் வராதோ?"

"பவளப்பாறையைச் சொன்னேன், அண்ணாச்சி. உங்க கரையிலயும் அதுக்குப் பார்னுதானே பேரு?"

"பேரு அதுதான்" என்றார் கொம்பையா. கோபத்தை உடனே இறக்க அவருக்கு மனம் வரவில்லை. "என் வலை எத்தனையைக் கிழிச்சிருக்கு அந்தச் சனியன். மேல நின்னு திட்டினதோட சரி. உள்ள எவன் பார்த்தான்?"

"அப்ப ரெண்டு அர்த்தத்திலயும் வச்சுக்குங்க."

கலயத்தைப் பார்க்கவா வந்தேன் என்று முணுமுணுத்தபடியே கொம்பையா கடலில் இறங்கினார். முகத்தைத் தண்ணீரில் வைத்தார். நீலமாக ஏதோ தெரிந்தது. அதற்குள் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து கண்ணில் ஏறிவிட்டது. இருமிக்கொண்டே எழுந்தார்.

"ஓட்டைக் கண்ணாடியைக் குடுத்துட்டீங்க."

"கண்ணாடி இல்ல. மீசை. ரப்பர் உதட்டுமேல ஒட்ட மாட்டேங்குது. முடி இடுக்கில தண்ணி வருது."

"அப்ப என்ன செய்யச் சொல்லுதீய?"

"நான் ஒண்ணும் சொல்லல."

அவர் தேங்காய் எண்ணெய் பூசிப் பார்த்தார். மீசையைக் கீழே வாரிவிட்டுப் பார்த்தார். கண்ணாடியின் பட்டையைத் தலை வலிக்க இறுக்கினார். ஒவ்வொரு நாளும் இறங்கினார். ஒவ்வொரு நாளும் கலயம் கிடக்கும் இடத்துக்குப் போவதற்குள் கண்ணாடி நிறைந்துவிட்டது.

கடைசியில் கண்ணை மூடிக்கொண்டே மிதக்கப் பழகினார். அடியில் எங்கோ நறுக் நறுக்கென்று சத்தம் கேட்டது. யாரோ மிட்டாய் கடிப்பதுபோல இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு தனியாக மிதப்பார். வெயில் முதுகைச் சுட்டதும் கரையேறுவார்.

ஒரு நாள் ஈரோட்டிலிருந்து புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. அந்தப் பெண் தண்ணீரிலிருந்து எழுந்து கத்தினாள்.

"ஏனுங்க, அந்தப் பச்சை மீனு! கிளி மூக்காட்டம் வாயி! கல்லையே கடிச்சுத் திங்குதுங்க!"

"உங்கம்மா செஞ்சு விட்ட முறுக்கை நான் திங்கலையா?" என்றான் அவன்.

அவள் அவன்மேல் தண்ணீரை வாரி இறைத்தாள். பிறகு கரையில் உட்கார்ந்திருந்த கொம்பையாவிடம் கேட்டாள். "தாத்தா, நீங்க பாத்தீங்களா? சத்தங்கூடக் கேக்குதுங்க."

"நான் பாக்காத கடலா?" என்றார் கொம்பையா.

அவர்கள் படகு போன பிறகும் அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். குரு கஞ்சி கொண்டுவந்து வைத்தார். அது ஆறி ஆடை படிந்தது.

"சாமி, சவரக்கத்தி இருக்கா?"

"இருக்கு. யாருக்கு?"

"கண்ணாடிக்கு" என்றார் கொம்பையா. "ரப்பர் ஒட்டணுமில்ல? அதுக்குத்தான். அவனுக்காக இல்ல. அதை நல்லா மனசுல வச்சுக்குங்க."

"சரி. கண்ணாடிக்கே."

குரு அவரைக் கிழக்கு பார்த்து உட்காரவைத்தார்.

"எதுக்குக் கிழக்க?"

"வெளிச்சம் வேணாமா?"

கொம்பையா அதற்குமேல் கேட்கவில்லை. கத்தி இரண்டு தடவை போய் வந்தது. மீசை மணலில் விழுந்தது. காற்று அதை உருட்டிக்கொண்டு போனது. அவர் மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"கடைசியா அப்பாவுக்கு எடுத்தது" என்றார். "அப்ப ரெண்டு பேரும் ஒரே நாவிதன்கிட்ட, முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். நான் திரும்பல."

"அவர்?"

"திரும்பினானோ என்னவோ. நான்தான் பாக்கலையே."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார். மார்பளவு வந்ததும் படுத்துக்கொண்டார். குழாயின் நுனி மட்டும் தண்ணீர்மேல் நகர்ந்து போனது. ஓர் இடத்தில் நின்றது. பிறகு நகரவே இல்லை.

குரு கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் போனது. குழாய் வழியாக ஏதோ சத்தம் வந்தது. குழாய்க்குள் பேசினால் சொல் வராது, வெறும் சத்தம்தான் வரும். அது வந்தது, நின்றது, மறுபடி வந்தது. கோயில் மாடத்தில் இருந்த புறாக்கள் எழுந்து உட்கார்ந்தன.

கொம்பையா கரையேறினார். கண்ணாடியை இன்னும் கழற்றவில்லை.

"கலயம் இருந்துச்சா, அண்ணாச்சி?"

"இருந்துச்சு. ஒரு பக்கம் பவளம் பிடிச்சிருக்கு. வாய்க்குள்ள ஒரு சின்ன மீன் குடியிருக்கு. பக்கத்துல போனா எட்டிப் பாத்து முறைக்குது. வேற யாரையும் உள்ள விடாது போல." சற்று நின்று சொன்னார். "அண்ணன் மாதிரியே."

குரு சிரித்தார். கொம்பையா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அவர் கண்ணாடியைக் கோபமாக நீட்டினார்.

"இந்தாங்க. மீசை போனதுதான் மிச்சம். இன்னும் தண்ணி வருது."

குரு கண்ணாடியை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். விளிம்பை விரலால் சுற்றித் தடவினார். பிறகு மழித்த தன் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுத்து, இரண்டு கைகளையும் விட்டார். பட்டை இல்லாமலே கண்ணாடி முகத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

அதை எடுத்துக் கொம்பையாவின் கையில் திரும்ப வைத்தார்.

"கண்ணாடியில ஓட்டை இல்ல, அண்ணாச்சி."