மற்றும் பலர்

நடுவே ஓர் ஆறு ஓடி இரண்டாகப் பிரித்திருந்த ஒரு காட்டில், மருதமரத்தின் அடியில் ஒரு நடுநிலைப்பள்ளி இருந்தது. அக்கரைப் பிள்ளைகளும் இக்கரைப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள்.

அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் ஒரு கடமான். கிளைவிட்ட கொம்பும் நிமிர்ந்த கழுத்துமாக அது நடந்து வந்தால் மரத்தின் இலைகூட அசைய யோசிக்கும். கணக்குப் பாடமும் அதுவே நடத்தியது. பிள்ளைகளை அது அடித்ததே இல்லை. அதை எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்த்து, "எருமை, எருமை" என்று மட்டும் சொல்லும்.

குழந்தைகளே, அந்தப் பள்ளியில் உண்மையாகவே ஓர் எருமை வேலை பார்த்தது.

மழைக்காலத்தில் ஆறு பெருகிவிடும். எருமை துறையில் இறங்கி நின்று, அக்கரைப் பிள்ளைகளை முதுகில் ஏற்றி இக்கரையில் விடும். சாயங்காலம் மறுபடி கொண்டுபோய்ச் சேர்க்கும். மருதமரத்தடியிலிருந்து "எருமை" என்று குரல் கேட்டபோது, முதலில் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அது திரும்பிப் பார்த்தது. பிறகு திரும்புவதை விட்டுவிட்டது.

மதியச் சாப்பாடு கரடியின் பொறுப்பு. ஈர விறகை ஊதி ஊதி அதன் கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். மணி அடிப்பது மரங்கொத்தி. ஓட்டை விழுந்த ஒரு பட்டமரத்தை அது கொத்தினால் அக்கரை வரைக்கும் கேட்கும்.

அந்த ஆண்டு மழை வழக்கத்தைவிடக் கடுமையாகப் பெய்தது. அப்படியும் பள்ளி ஒரு நாள்கூட மூடவில்லை. ஒரு பிள்ளையைக்கூட ஆறு கொண்டுபோகவில்லை. ஒரு பிள்ளையும் பசியோடு வீடு திரும்பவில்லை.

மழை விட்டதும் ஒரு சேதி வந்தது. காட்டுப் பள்ளிகளை எல்லாம் பார்வையிடும் யானை, இந்தப் பள்ளிக்கும் வரப்போகிறதாம். இரு கரைக்காரர்களும் ஒற்றுமையாக நடத்துகிறார்கள் என்று அதற்குத் தோன்றினால் பள்ளி இங்கேயே இருக்கும். இல்லையென்றால் மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். சின்னக் கால்களால் மலை ஏற முடியுமா? பாதிப் பிள்ளைகளின் படிப்பு அதோடு நின்றுபோகும்.

கடமானுக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில் அது மைனா டீச்சரைக் கூப்பிட்டு, ஒரு பாராட்டு விழா நடத்திவிடலாம் என்றது. பள்ளிக்காக உழைத்த எல்லாரையும் பாராட்டினால், ஒற்றுமை தானே தெரிந்துவிடும் அல்லவா?

மைனா பேச்சில் கெட்டிக்காரி. யார் யாரைப் பாராட்டுவது என்று இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். கிழங்குக்காடு கொடுத்த காட்டுப்பன்றியார், நிழலுக்கு ஓலை கொடுத்த மந்தியார், தேன் கொடுத்தனுப்பிய மரநாயார் என்று பெயர்கள் நீண்டன. எல்லாம் பெரிய இடம். ஒருவரை விட்டாலும் கோபம் வந்துவிடும்.

"இவ்வளவு போதும், டீச்சர். கடைசியில 'மற்றும் பலர்'னு சேர்த்துக்குங்க. யாரும் குறை சொல்ல முடியாது" என்றது கடமான்.

தூக்கணாங்குருவிகளிடம் சொல்லி மஞ்சள் புல்லில் ஒரு பொன்னாடையும் நெய்தாயிற்று. அது யானைக்கு.

விழாவுக்கு முந்தின நாள், மரங்கொத்தி தயங்கித் தயங்கி மைனாவிடம் வந்தது. தங்கள் பெயரும் வருமா என்று கேட்டது. மைனா வரவேற்புரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்த நேரம் அது.

"வரும், வரும். 'மற்றும் பலர்'னு சொல்லுவேன். அது நீங்கதான்" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

மரங்கொத்தி நேரே அடுப்படிக்குப் பறந்தது. எருமையும் அங்கேதான் படுத்திருந்தது.

"அக்கா, நம்ம பேரும் உண்டு. கடைசியில 'மற்றும் பலர்'னு கூப்பிடுவாங்க. கூப்பிட்டதும் மேடை ஏறணும்."

"ஏறி?" என்றது கரடி.

"ஏறிக் கும்பிட்டு நிக்கணும். பொன்னாடை போடுவாங்க."

எருமை வெகுநேரம் அசைபோட்டது. "எனக்கு அந்தத் துணி எட்டுமா?" என்று கேட்டது.

கரடி சிரித்த சிரிப்பில் அடுப்புச் சாம்பல் பறந்தது. ஆனால் மறுநாள் விடியும்போது கரடி விரல்களையே சீப்பாக்கித் தன் மயிரைக் கோதிக்கொண்டிருந்தது. மரங்கொத்தி கொண்டையை நனைத்துப் படியவைத்தது. எருமையோ, உடம்பில் சேறு இல்லாமல் ஒரு நாளும் இருந்தறியாத எருமை, தெளிந்த தண்ணீரில் முங்கி, பாறையில் முதுகைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தது.

விழா தொடங்கியது. ஆற்றோரத் தட்டைப் பாறைதான் மேடை. யானை நடுவில் நின்றது. அதன் கழுத்தில் போர்த்திய பொன்னாடை கைக்குட்டைபோல ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பெரிய மனிதர்கள்போலப் பெரிய விலங்குகள். கீழே இரு கரைப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

கடமான் நன்றாகத்தான் பேசியது. இந்தப் பள்ளியில் பெரியவர் சின்னவர் என்ற பேச்சே கிடையாது, நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்றது. யானை காதை ஆட்டிக் கேட்டுக்கொண்டது.

அடுத்து மைனா ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொருவராக முன்னால் வந்து தலை குனிந்து கைதட்டலை வாங்கிக்கொண்டார்கள். மரநாயார் பெயரும் முடிந்தது. மைனா மூச்சை இழுத்து, குரலை இறக்கி, "மற்றும் பலர்" என்று முடித்தது.

பாறைக்குப் பின்னாலிருந்து மூவரும் வந்தார்கள். முன்னால் மரங்கொத்தி, அதன் பின்னால் கரடி, கடைசியில் எருமை. எருமை ஒரு காலை மேடையில் வைத்தும்விட்டது.

கடமான் திடுக்கிட்டது. விழா கெட்டுப்போகிறதே என்ற பதைப்பில் அதன் வாயில் வந்தது இதுதான்:

"எங்க வர்றீங்க? இது விருந்தாளிங்க மேடை. அங்க அடுப்பை யார் பாத்துக்கறது?"

மூவரும் நின்றுவிட்டார்கள்.

"மற்றும் பலர்னு கூப்பிட்டாங்களே, ஐயா" என்றது மரங்கொத்தி.

காட்டுப்பன்றியார் உறுமிச் சிரித்தார். "பலரே நேர்ல வந்துட்டாருப்பா!" என்றார். மேடை முழுவதும் சிரித்தது. கீழே சில பெற்றோரும் சிரித்தார்கள்.

எருமைதான் முதலில் காலை எடுத்தது. பாறை அதிராமல் மெதுவாக எடுத்தது. பிறகு திரும்பி நடந்தது. கழுவிய கரும்பாறைபோல அதன் முதுகு வெயிலில் மின்னியது. அந்த முதுகை அவ்வளவு சுத்தமாக அதுவரை யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை.

யானையும் பார்த்தது. "போறாங்களே, அவங்க யாரு?" என்று கேட்டது.

"இங்க வேலை செய்றவங்க, ஐயா. ஆத்துல பிள்ளைங்களைக் கடத்தி விடறது."

"பேரு?"

கடமான் யோசித்தது. எத்தனையோ மழைக்காலம் அந்தத் துறையைத் தாண்டி அது நடந்திருக்கிறது. ஆனாலும் நினைவுக்கு எதுவும் வரவில்லை. தெரிந்து மறந்திருந்தால்தானே வரும்? அது ஒருபோதும் கேட்டதே இல்லை.

"எருமை, ஐயா" என்றது.

முன்வரிசையில் இருந்த முள்ளம்பன்றிக் குட்டி எழுந்து நின்றது. அது அக்கரைப் பிள்ளை. கணக்கு வராது. தலைமை ஆசிரியர் தப்பாகச் சொல்லிவிட்டாரே, திருத்தவேண்டும் என்ற எண்ணத்தைத் தவிர அதன் மனத்தில் வேறொன்றும் இல்லை.

"இல்ல, ஐயா. எருமைங்கறது நாங்க. கணக்கு வராதவங்க. அவங்க பேரு வெள்ளையம்மா."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

  கடமான் தலையைத் தொங்கவிட்டது. சின்ன விலங்காக இருந்தால் அப்படியே மறைந்துகொள்ளலாம். அத்தனை பெரிய கொம்பை எங்கே கொண்டு மறைப்பது? தலை குனியக் குனியக் கொம்புதான் எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்தது.

"ஒரே குடும்பம்னு சொன்னீங்க" என்றது யானை. குரலில் கோபம் இல்லை. கேட்டது, அவ்வளவுதான்.

பள்ளி இருப்பதும் போவதும் அந்தப் பதிலில் இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிடலாம். மைனா அருகில் வந்து ஏதோ சமாதானம் சொல்ல அலகைத் திறந்தது. கடமான் தலையசைத்து அதைத் தடுத்துவிட்டது.

"பொய் சொல்லிட்டேன், ஐயா. குடும்பத்துல இருக்கறவங்க பேரே எனக்குத் தெரியல."

 யானை தும்பிக்கையால் பொன்னாடையைக் கழற்றிப் பாறைமேல் வைத்தது.

"அடுத்த மழைக்கு வர்றேன். அதுவரைக்கும் பள்ளி இங்கேயே இருக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே போய்விட்டது.

சாப்பாடு நடந்தது. கடமான் மேடையில் சாப்பிடவில்லை. பந்தியின் கடைசியில், பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. கரடி எல்லாருக்கும் பரிமாறியதுபோலவே அதற்கும் கிழங்கு வைத்து, தேன் ஊற்றியது.

"அடுப்பைப் பத்திக் கேட்டீங்களே, ஐயா. கிழங்கு அடிப்பிடிக்கல. சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தது.



மைனா பட்டமரத்துப் பக்கம் போய் ஒரு கிளையில் உட்கார்ந்தது. அதற்குப் பேச்சு வராமல் போனது அதுதான் முதல் தடவை. மரங்கொத்தியே சமாதானம் சொன்னது. "பரவாயில்ல, டீச்சர். கடைசியிலயாச்சும் சொன்னீங்கல்ல" என்றது. அதைக் கேட்டபிறகு மைனாவால் அங்கே உட்கார முடியவில்லை.

சாயங்காலம் பள்ளி விட்டது. கடமான் பொன்னாடையை வாயில் கவ்விக்கொண்டு துறைக்கு இறங்கியது. எருமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடு ஆற்றில் போய்க்கொண்டிருந்தது. உடம்பில் பழையபடி சேறு.

கடமான் ஆடையைக் கொம்பில் மாட்டிக்கொண்டு, "வெள்ளையம்மா" என்று கூப்பிட்டது.

எருமை திரும்பவில்லை. அந்தக் குரலுக்குத் திரும்புவதை அது என்றைக்கோ விட்டுவிட்டதல்லவா?

கடமான் வயிறு நனையும் வரை தண்ணீரில் இறங்கி மறுபடியும் கூப்பிட்டது. முதுகில் இருந்த பிள்ளைகள், "உங்களைத்தான், அத்தை" என்றார்கள். அப்போதும் எருமை நிற்கவில்லை.

"பிள்ளைங்க இருக்காங்க, ஐயா. விட்டுட்டு வர்றேன்" என்றது.

கடமான் தண்ணீரிலேயே காத்திருந்தது. மழை விட்டும் ஆறு இன்னும் வடியவில்லை, இழுப்பு பலமாக இருந்தது. ஒரே இடத்தில் நிற்பதற்கே அதன் கால்கள் நடுங்கின. இந்த ஆற்றில் காலையும் மாலையும் சுமையோடு நடப்பது எப்படி இருக்கும் என்று அதுவரை அது நினைத்துப் பார்த்ததில்லை.

எருமை திரும்பி வந்தது. கடமான் கொம்பைத் தாழ்த்திப் பொன்னாடையை அதன் முதுகில் போடப் போனது.

"வேண்டாம், ஐயா. நனைஞ்சிரும். நாளைக்கும் நான் தண்ணியிலதானே நிக்கணும்?"

கொடுப்பதற்கு வேறொன்றும் கடமானிடம் இல்லை. "மன்னிச்சிரு" என்று தொடங்கி, "மன்னிச்சிருங்க" என்று திருத்திக்கொண்டது.

எருமை அசைபோட்டது.

"அந்த முள்ளம்பன்றிக் குட்டி நல்ல பிள்ளை, ஐயா. கணக்குத்தான் கொஞ்சம் மெதுவா ஏறும். திட்டணும்னா திட்டுங்க. வேற ஏதாச்சும் சொல்லித் திட்டுங்க."

மறுநாள் காலையில் மணி அடித்தது. பிள்ளைகள் மருதமரத்தடியில் உட்கார்ந்தார்கள். முள்ளம்பன்றிக் குட்டி கணக்கைப் போட்டுக் காட்டியது. தப்பு.

கடமான் வாயைத் திறந்தது. எருமை என்று சொல்லக்கூடாது. கழுதை என்று சொல்லலாமா? இரண்டாம் வரிசையில் கழுதைக்குட்டி உட்கார்ந்திருந்தது. குரங்கு? மந்தியாரின் மகள் அதன் பக்கத்தில் இருந்தாள். பன்றி, ஆந்தை, ஆமை என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தது. தன் வாயில் வரக்கூடிய எல்லா வசவுக்கும், அந்த மரத்தடியில் பெற்றவர் சூட்டிய பெயரோடு ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது.

மருதமரக் கிளையில் யாரும் வைத்துக்கொள்ளாத பொன்னாடை தொங்கிக்கொண்டிருந்தது. துறையில் வெள்ளையம்மா கடைசிப் பிள்ளையை இறக்கி விட்டுக்கொண்டிருந்தது.

கடமான் திறந்த வாயை மூடியது. பிறகு முள்ளம்பன்றிக் குட்டியின் அருகில் போய் மண்டியிட்டு உட்கார்ந்தது.

"உன் பேரு என்னப்பா?" என்று கேட்டது. கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கணக்கை முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தது.

நீதி: நன்றி சொல்லுமுன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள், பெயர் அறியாதவன் சொல்லும் பாராட்டு அவனுக்கே தலைகுனிவு.